ராக்கையாவின் போனில் நான் அணைத்த மணி

ராக்கையாவைப் பற்றி எழுத என்னைவிடப் பொருத்தமான ஆள் போடியில் கிடையாது. முப்பது வருடமாக அவனை மலைக்கு ஏற்றி இறக்குகிறவன் நான். அவன் கல்யாணத்துக்குப் பெண் அழைத்து வந்தது என் ஜீப்பு. அவன் மகள் பிறக்கப்போகிற சமயம், அவன் பெண்டாட்டி முத்துப்பேச்சியை வலியோடு போடிமெட்டிலிருந்து பதினேழு கொண்டை ஊசி வளைவும் குலுங்காமல் இறக்கிக் கொண்டுவந்தது நான். வேறு எந்த டிரைவராக இருந்தாலும் அந்தப் பிள்ளை வழியிலேயே பிறந்திருக்கும்.

இன்னொரு பொருத்தமும் உண்டு. போன வருடம் அவனுக்கு வந்த கெட்ட பெயருக்குக் காரணமே நான்தான். இதைக் கடைசியில் சொல்லலாம் என்று இருந்தேன். அப்படித் தள்ளிப் போட்டால் சொல்லாமலே விட்டுவிடுவேன் என்று என்னை எனக்குத் தெரியும். அதனால் முதலிலேயே எழுதிவிட்டேன்.

என் பெயர் சீனிச்சாமி. அஞ்சாவது வரைதான் பள்ளிக்கூடம். பதினோரு வயதில் குரங்கணியில் காப்பி மூட்டை தூக்கினேன். இன்றைக்கு மூன்று ஜீப்பு ஓடுகிறது. மூன்றின் இன்ஜினையும் கண்ணைக் கட்டிக்கொண்டு கழற்றி மாட்டுவேன். அறுபத்தாறு வயதில் டச் போன் வாங்கி, ஒருத்தரிடமும் கேட்காமல் நானே பழகினேன். ஜீப் ஸ்டாண்டில் யாருக்குப் போன் மக்கர் செய்தாலும் என்னிடம்தான் வரும். 'இன்ஜினியர் வந்துட்டாரு' என்பார்கள். பாதி கேலிதான். இருந்தாலும் எனக்குப் பிடித்திருந்தது.

ராக்கையா ராசிங்காபுரத்துக்காரன். பதினாறு வயதில் களை வெட்ட மலைக்குப் போனவன். போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், ஞானதுரை முதலாளியின் ஏலத்தோட்டத்தில் வேலை. ஒரு மழைக்காலத்தில் ஸ்டோர் பார்க்க ஆள் இல்லாமல் இவனை இரண்டு நாள் உட்கார வைத்தார்கள். அப்படியே இருபத்தெட்டு வருடம் ஓடிவிட்டது. ஸ்டோர் என்றால் ஏலக்காய் உலர்த்துகிற அறை. வெளியிலிருந்து அடுப்பெரித்து, குழாய் வழியாகச் சூட்டை உள்ளே விடுவார்கள். பறித்த பச்சைக்காயைக் கழுவிக் கம்பி வலைத் தட்டுகளில் பரப்பி, ஒரு நாள் பொழுது ஒரே சூட்டில் வைக்க வேண்டும். சூடு குறைந்தால் காய் பூஞ்சணம் பூத்துப்போகும். கூடினால் பச்சை செத்துப் பழுப்பேறி வெடித்துவிடும். நாற்பது பேர் மலைச்சரிவில் அட்டைக்கடி பட்டுக்கொண்டு பறித்ததெல்லாம் ஸ்டோர்க்காரன் ஒருத்தன் கையில் இருக்கிறது.

ராக்கையாவுக்குக் கையைவிட மூக்குதான் பெரிது. கதவை ஒரு விரல் திறந்து மோந்து பார்ப்பான். 'இன்னும் பச்ச வாட அடிக்குது, ரெண்டு கட்டை போடு' என்பான். 'போதும், கட்டைய வெளிய இழு' என்பான். வெப்பமானியைப் பார்த்தால் சரியாக இருக்கும். தோட்டத்தில் அவனை மூக்கையா என்றே கூப்பிட்டார்கள். அதிகம் பேசமாட்டான். குடிக்கமாட்டான். அவன் காய வைத்த காய்க்கு வியாபாரிகள் மத்தியில் தனி மதிப்பு. அதைப் பற்றி அவன் பெருமையடித்து நான் கேட்டதில்லை. அவனுக்கும் சேர்த்து நான்தான் ஜீப்பில் பெருமையடிப்பேன்.

மூன்று நான்கு வருடத்துக்கு முன்பு அவன் மகள் முத்துப்பிரியா கோயம்புத்தூரிலிருந்து ஒரு சின்னப் பொட்டி வாங்கி அனுப்பினாள். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. அதை ஸ்டோருக்குள் மாட்டிவிட்டால், உள்ளே எவ்வளவு சூடு என்று போனில் தெரியும். அளவு தாண்டினால் போன் மணி அடிக்கும். தோட்டத்து ஆபீசில் வைஃபை இருப்பதால் அது ஸ்டோர் வரைக்கும், வாரம் முழுக்க வேலையாட்கள் தங்குகிற லயத்து வீடுகள் வரைக்கும் எட்டும். 'மூக்கையாவுக்கு எதுக்கு பொட்டி' என்று எல்லாருக்கும் ஆச்சரியம். 'பிள்ள ஆசையா வாங்கிக் குடுத்துச்சு' என்று சொல்லிவிட்டான்.

போன வருடம் ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை காலை. போடிமெட்டு செக்போஸ்ட்டில் லாரி வரிசை நின்றதால் ஜீப்பும் நின்றது. அன்றைக்கு நானே ஓட்டினேன். பின்னால் முத்துப்பேச்சியோடு சேர்த்துத் தோட்ட வேலைக்குப் போகிற பத்துப் பெண்கள், எனக்குப் பக்கத்தில் ராக்கையா.

"அண்ணே, இதுல சார்ஜு நிக்க மாட்டேங்குது. மத்தியானத்துக்குள்ள செத்துப்போகுது. என்னன்னு பாக்குறீகளா?" என்றான்.

"கொண்டா இங்க."

வாங்கித் திறந்து பார்த்தேன். பார்த்துவிட்டு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "ஏப்பா! உள்ள இருபத்தி மூணு ஆப்பு ஓடுது. நிறுத்தி வச்ச ஜீப்புல இன்ஜின ஓட விட்டா டீசல் எப்படிப்பா நிக்கும்?" என்றேன்.

பின்னாலிருந்து கருத்தம்மாள், "அண்ணே, எம் போன்ல நீங்க போட்டுக் குடுத்த தொடப்பத்தையே அதுக்கும் போட்டுவிடுங்க" என்றாள்.

துடைப்பம் படம் போட்ட ஓர் ஆப். அதை நான்தான் கண்டுபிடித்து ஸ்டாண்டு முழுக்கப் பரப்பியிருந்தேன். உள்ளே போட்டால் பின்னால் ஓடுகிற எல்லாவற்றையும் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை அதுவே தேடிப் பிடித்து நிறுத்தும். 'உங்கள் போன் சுத்தம்' என்று பச்சை எழுத்தில் காட்டும். அந்தப் பச்சையைப் பார்க்கவே மனசு நிறையும். ராக்கையாவின் போனிலும் ஏற்றினேன். அது என்னென்னவோ அனுமதி கேட்டது. எல்லாம் இங்கிலீஷ். எல்லாவற்றுக்கும் சரி கொடுத்தேன்.

"அண்ணே, அந்தப் பொட்டியோட ஆப்ப மட்டும் விட்டுருங்க" என்றான் ராக்கையா.

"அதாம்ப்பா சார்ஜ உறிஞ்சுது. அத விட்டா மத்தத நிறுத்தி என்ன பிரயோசனம்?"

"இல்லண்ணே, அது இருக்கட்டும்…"

"மொகத்துல இம்புட்டுப் பெரிய மூக்க வச்சுக்கிட்டுப் பொட்டி என்னாத்துக்குய்யா ஒனக்கு?"

ஜீப்பே சிரித்தது. அவனும் சிரித்தான். முத்துப்பேச்சி மட்டும் சிரிக்காமல் வெளியே பார்த்துக்கொண்டிருந்ததை நான் கண்ணாடியில் பார்த்தேன். என்ன ஏது என்று யோசிக்கவில்லை. லாரி நகர்ந்தது, கியர் போட்டேன்.

புதன்கிழமை மத்தியானம் அது நடந்தது. காலையில் புதிதாக விறகு வந்திருக்கிறது, நன்றாகக் காய்ந்த, சட்டென்று பற்றி எரிகிற விறகு. அதை அடுப்பில் வைத்துவிட்டு ராக்கையா லயத்துக்குச் சாப்பிடப் போனான். போனைச் சட்டைப் பையில் வைத்திருந்தான். மணி அடிக்கவில்லை. அடிக்காததால் நிதானமாகச் சாப்பிட்டான். திரும்பி வந்து ஸ்டோர் வாசலிலேயே உட்கார்ந்து விறகு பிளந்தான். கழுவிய காயைச் சுமந்துகொண்டு வந்த கருத்தம்மாள் தூரத்திலேயே கூடையைப் போட்டுவிட்டுக் கத்தினாள்.

"அண்ணே! கருகுதே! இங்கதான இருக்கீக, தெரியலயா?"

கதவைத் திறந்தபோது நாற்பது தட்டும் பழுப்பு.

ஞானதுரை முதலாளி கெட்டவர் இல்லை. வந்து பார்த்தார். ஒரு காயை எடுத்து உடைத்தார். "வாசல்லயே உக்காந்திருந்திருக்க. தோட்டத்துக்கே வாடை தெரிஞ்சிருக்கு, ஒனக்குத் தெரியலையா? தூங்குனியா? குடிச்சிருந்தியா?" என்று கேட்டார்.

ராக்கையா வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முதலாளி விட்டிருப்பார். பேசாமல் நின்றதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டார். மறுநாளிலிருந்து ஸ்டோரை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு, இவனைக் களை வெட்ட அனுப்பினார். பதினாறு வயதில் செய்த வேலையை ஐம்பத்தெட்டு வயதில்.

இதை நான் ஜீப்பில் கேள்விப்பட்டேன். கேட்டுவிட்டு என்ன சொன்னேன் தெரியுமா? "இத்தன வருசம் நெருப்புக்குப் பக்கத்துல இருந்தா மூக்கும் வெந்துபோகும்ல!" என்றேன். நல்ல சிரிப்பு. அன்றைக்கும் முத்துப்பேச்சி ஜீப்பில் இருந்தாள்.

இரண்டு வாரம் போயிருக்கும். மலைப்பாதையில் எட்டாவது வளைவில் பாறை சரிந்து, என் இரண்டாவது ஜீப்பு ஆட்களோடு மாட்டிக்கொண்டது. டிரைவர் சின்ராசு. எனக்கு ஒரு தகவலும் வரவில்லை. சாயந்திரம் அவன் இறங்கி வந்ததும் ஸ்டாண்டில் வைத்துக் கிழித்தேன்.

"எனக்கு ஒரு வார்த்த சொல்லணும்னு தோணலையாடா ஒனக்கு?"

"ஏழு மெசேஜ் போட்டேன் பெரிசு! அங்க பேசுறதுக்கு சிக்னல் இல்ல, மெசேஜ் மட்டுந்தான் போச்சு. இந்தாங்க பாருங்க."

அவன் போனில் ஏழும் போயிருந்தது. என் போனில் வாட்சப்பைத் திறந்த பிறகுதான் ஏழும் வரிசையாக வந்து விழுந்தது. மறுநாள் போடி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சாந்தகுமாரி போன் கடைக்குப் போனேன். அவள் அப்பா ஏலக்காய் வியாபாரி, எனக்கு நல்ல பழக்கம்.

போனை வாங்கிப் பார்த்ததும், "இந்தக் கருமத்த யாரு பெரியப்பா போட்டது?" என்றாள்.

நான்தான் என்று சொல்லவில்லை. "ஏன்த்தா? அது போன சுத்தம் பண்ணுதுல்ல?"

"ஒரு மண்ணும் பண்ணல. போனுக்கே தெரியும் எத ஓட விடணும், எதத் தூங்க வைக்கணும்னு. நீங்க பாக்குற இருபது ஆப்புல முக்காவாசி சும்மா தூங்கிட்டுத்தான் இருக்கும். இது அதுகள எழுப்பி எழுப்பிக் கொல்லுது. நீங்க மறுபடி தொறக்கும்போது மொதல்ல இருந்து ஆரம்பிக்கணும், அதுக்குத்தான் சார்ஜ் நெறைய ஆகும். போதாததுக்கு இந்தத் தொடப்பம் ராவும் பகலும் முழிச்சிருந்து விளம்பரம் வேற காட்டுது. ஒங்களுக்குத் தெரியாததா பெரியப்பா? ஸ்டோர்ல பத்து நிமிசத்துக்கு ஒருக்கா அடுப்ப அணைச்சு அணைச்சுப் பத்த வச்சா வெறகு மிச்சமாகுமா?"

ஆகாது. இரண்டு மடங்கு தின்னும். பதினோரு வயதிலிருந்து மலையில் திரிகிற எனக்கு அது தெரியும். ஜீப்பை வைத்து யோசித்தவன், ஸ்டோரை வைத்து யோசிக்கவில்லை.

"ஏதாச்சும் ஒண்ணு சிக்கி நின்னுட்டா?" என்று கேட்டேன், ஏதாவது ஒரு வழியில் நான் செய்தது சரியாகிவிடாதா என்று.

"அத மட்டும் மூடுங்க. அதுக்கு ஆப்பு எதுக்கு, வெரலு போதும்."

கடைசியாக, எனக்கே கேட்காத குரலில், "மணி அடிக்கிற ஆப்பு ஒண்ணு இருக்குன்னு வையி. இது அதையும் நிறுத்திருச்சுன்னா?" என்றேன்.

"சேவல் கழுத்தத் திருகிப் போட்டுட்டு, விடிஞ்சது தெரியலன்னா எப்படிப் பெரியப்பா?" என்று சிரித்தாள்.

கடையை விட்டு இறங்கியதும் அங்கேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். யாரோ 'தலை சுத்துதா' என்று கேட்டார்கள்.

உடனே மலைக்குப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். போகவில்லை. ஒன்பது நாள் சும்மா இருந்தேன். காசு கொடுத்துத் தீர்க்கிற விஷயமாக இருந்தால் அன்றைக்கே தீர்த்திருப்பேன். 'எனக்குத் தெரியாது, தப்பாகச் செய்துவிட்டேன்' என்று சொல்ல வேண்டும். என் வாழ்க்கையில் அந்த 'எனக்குத் தெரியாது' வந்ததே இல்லை. கருத்தம்மாள் போனிலிருந்தும் மற்ற பதினெட்டுப் பேர் போனிலிருந்தும் ஏதோ சாக்குச் சொல்லித் துடைப்பத்தை எடுத்துவிட்டேன். 'புதுசு வருது, பழச எடுத்துருவோம்' என்று பொய் சொன்னேன். ராக்கையாவின் போனைக் கேட்க மட்டும் தைரியம் வரவில்லை.

பத்தாவது நாள் முத்துப்பேச்சியே என் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"அண்ணே, ஒங்களுக்குத் தெரிஞ்ச எடத்துல அவருக்குக் கீழ போடியில ஒரு சோலி பாத்துக் குடுங்க. காவலுக்கு ஆனாலும் பரவால்ல. அங்க இருந்தாருன்னா செத்துப்போவாரு. ஸ்டோரு வழியா நடக்க மாட்டேங்குறாரு, சுத்தி ஓடையில எறங்கிப் போறாரு."

"ஒரு தப்பு தண்டா நடக்குறதுதான. மொதலாளி மறந்துருவாரு ஆத்தா."

"எப்படி மறப்பாரு? என்ன நடந்துச்சுன்னு இவரு வாயத் தொறந்தாத்தான? இவருக்கு வாசமே தெரியாதுண்ணே. கொரோனாவுல போன மூக்கு. எனக்கும் பிள்ளைக்கும் மட்டுந்தான் தெரியும். அதுக்குத்தான் பிள்ள அந்தப் பொட்டிய வாங்கிக் குடுத்துச்சு. அது ஏனோ அன்னிக்கு அடிக்காமப் போச்சு." வாசல் வரை போய்த் திரும்பினாள். "யார்ட்டயும் சொல்லிராதீக. மூக்குத்தான் அவருக்குப் பேரே."

'அது ஏனோ' என்றாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். "நாளைக்கு மலைக்கு வர்றேன்" என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் வெள்ளையும் சொள்ளையுமாகப் போனேன். காலையில் ஆள் பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டு நேரம். நாற்பது பேர் நின்றார்கள், முதலாளியும் இருந்தார். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். செய்த தப்பையும் நாலு பேர் முன்னால் பெரிதாகச் சொன்னால்தான் எனக்குச் சொன்ன மாதிரி இருக்கும்.

"மொதலாளி, அன்னிக்குக் காய் கெட்டதுக்கு ராக்கையா காரணமில்ல. நாந்தேன்" என்று ஆரம்பித்தேன். துடைப்பம், பொட்டி, அடிக்காத மணி, எல்லாம் சொன்னேன். ஒரு முணுமுணுப்பு ஓடியது. முதலாளி நெற்றியைச் சுருக்கினார்.

"சரிய்யா, மணி அடிக்கல. மூக்கு எங்க போச்சு? இவன் மணிய நம்பியா காய வச்சான்?"

அந்த இடத்தில் நான் வாயை மூடியிருக்க வேண்டும். ஆனால் என் பேச்சு எடுபடவில்லையே என்ற எண்ணம்தான் முன்னால் நின்றது.

"மூக்கே இல்லாத மனுசன் மொதலாளி! கொரோனாவுலயே போச்சு. அந்த மணிய நம்பித்தான் இருந்தான்!"

சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் விழுந்தது. முத்துப்பேச்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ராக்கையா கையிலிருந்த களைக்கத்தியையே பார்த்துக்கொண்டிருந்தான். நாற்பது பேரும் அவன் முகத்தைப் பார்த்தார்கள், முகத்தில் மூக்கைப் பார்த்தார்கள்.

"நெசமாய்யா?" என்றார் முதலாளி.

"ஆமாங்க."

"எம்புட்டு நாளா?"

"மூணு சீசனா."

"மூணு சீசன் என்னை ஏமாத்தியிருக்க."

அப்போதுதான் ராக்கையா நிமிர்ந்தான். "ஏமாத்தல மொதலாளி. மூணு சீசன் வாசம் தெரியாமத்தான் காய வச்சேன். ஒரு தட்டு கெட்டுச்சான்னு சொல்லுங்க. கையால தொட்டுப் பாத்தேன், காயக் குலுக்கிக் காதுல வச்சுப் பாத்தேன், பொட்டியப் பாத்தேன். கெட்டது அந்த ஒரு நாளுதான்."

"போன வருசக் காயெல்லாம் பச்சப்பசேல்னுதான மொதலாளி போச்சு" என்றாள் கருத்தம்மாள்.

முதலாளி, "அந்தப் பொட்டி அடிக்கிறத என் கண்ணால பாக்கணும்" என்றார்.

எல்லாரும் ஸ்டோருக்கு நடந்தோம். நான் போனை வாங்கக் கையை நீட்டினேன்.

"வேணாம்" என்றான் ராக்கையா. "நீங்க தொட வேணாம். எத அமுக்கணும்னு சொல்லுங்க, நான் அமுக்கிக்கிறேன்."

முப்பது வருடத்தில் அவன் என்னிடம் 'வேணாம்' என்று சொன்னது அது ஒரு தடவைதான். சொன்னேன். களை வெட்டிக் காய்த்த விரலால் ஒவ்வொன்றாக அமுக்கினான். துடைப்பம் போயிற்று. பொட்டியின் ஆப்பைத் திறந்து, திரையை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டான். சுவரிலிருந்து பொட்டியைக் கழற்றி அடுப்புக் குழாயோரம் பிடித்தான். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு அவன் சட்டைப் பை அலறியது.

முதலாளி, "இன்னிக்குக் காய நீயே போடு" என்று சாவியைக் கொடுத்தார். என் பக்கம் திரும்பி, "சீனிச்சாமி, நீ ஜீப்ப மட்டும் பாரு" என்றார். பெண்கள் சிரித்தார்கள். அதற்கு நான் தகுதியானவன்தான்.

மறுநாள் அந்தக் காய் பச்சையாகவே வந்தது. ராக்கையா இன்றைக்கும் அந்த ஸ்டோரில்தான் இருக்கிறான். அது வரைக்கும் நல்லது.

ஆனால் இப்போது எல்லாருக்கும் தெரியும். போன சனிக்கிழமை இறங்கும்போது சின்ராசு ஒரு கருவாட்டுப் பொட்டலத்தை அவன் முகத்துக்கு நேரே நீட்டி, "என்னன்னு சொல்லு மாமா, மல்லிகப்பூவா?" என்றான். ஜீப்பே சிரித்தது. ராக்கையாவும் சிரித்தான், அன்றைக்கு செக்போஸ்ட்டில் சிரித்த அதே சிரிப்பு. அந்தச் சிரிப்பு என்னவென்று இப்போது எனக்குத் தெரிகிறது. "சும்மா இருடா" என்று சின்ராசுவை அதட்ட வாய் வந்தது. எந்த முகத்தோடு அதட்டுவேன்? மூன்று வருடம் அவன் ஒளித்து வைத்ததை ஒரே மூச்சில் நாற்பது பேருக்கு விற்றவன் நான்.

ராக்கையா என்னை இன்னும் அண்ணே என்றுதான் கூப்பிடுகிறான். ராசிங்காபுரம் விலக்கில் இறங்கும்போது 'வர்றேண்ணே' என்று சொல்லிவிட்டுத்தான் போகிறான். ஆனால் இப்போது முன் சீட்டில் ஏறுவதில்லை. பின்னால் பெண்களோடு, முத்துப்பேச்சிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறான். என் பக்கத்துச் சீட்டு காலியாகவே வருகிறது. அங்கே யாரையும் ஏறச் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.